அதிபரின் மதநம்பிக்கை வெளியுறவு முடிவைத் தீர்மானித்ததா? கட்டுரை எழுதும் முறை

புதுச்சேரி, கடலூர் கல்லூரிகளில் அரசியல் அறிவியல் படிப்பவர்கள் இந்தத் தலைப்பை எடுத்தால், முதலில் சரியான ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். அவருடைய வாழ்க்கைப் பின்னணியை வெளியுறவுக் கொள்கையோடு முடிச்சுப் போட்டால் கட்டுரையின் அடிப்படையே ஆட்டம் காணும். அமெரிக்க அதிபரோ பிரெஞ்சு அதிபரோ பொருந்துவார். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரிக்காரர்கள் பிரான்ஸ் அதிபர் தேர்தலில் இங்கிருந்தபடியே வாக்களிக்கிறார்கள், எனவே இது நமக்கு எட்டாத விஷயமும் அல்ல.

அடுத்து, ஒரே ஒரு முடிவை எடுங்கள். முழு வாழ்க்கையையும் எடுத்தால் வரலாற்றுச் சுருக்கம்தான் மிஞ்சும். அமெரிக்க அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டர் 1978 செப்டம்பரில் கேம்ப் டேவிட் என்ற அதிபர் ஓய்வில்லத்தில் எகிப்து அதிபர் சதாத்தையும் இஸ்ரேல் பிரதமர் பெகினையும் 13 நாள் வைத்துச் சமாதானம் பேசியது நல்ல தேர்வு.

ஒரு தாளில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் நம்பிக்கை: ஞாயிறு பள்ளியில் பைபிள் கற்பித்த பாப்டிஸ்ட் (ஒரு புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவு) அவர், பேச்சின் தொடக்கத்திலேயே மூவர் பெயரிலும் பிரார்த்தனைக்கான வேண்டுகோள் வெளியானது. இரண்டாவதில் தொழிலும் வளர்ப்பும். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். கார்ட்டர் கடற்படை அதிகாரி, அணுநீர்மூழ்கித் திட்டத்தில் பணியாற்றியவர். இஸ்ரேல் பிடித்து வைத்திருந்த எகிப்தின் சினாய் பகுதி பற்றிய உடன்பாட்டு வரைவைத் தன் கையாலேயே எழுதினார். அந்த நுணுக்கத்துக்குப் பைபிளைவிடப் பொறியியல் பயிற்சியே பொருத்தமான விளக்கம் என்பது எங்கள் கருத்து. மூன்றாவதில் நாட்டு நலன்: 1973 அரபு-இஸ்ரேல் போர், அதையொட்டி அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடை, சோவியத் செல்வாக்கு. இந்தப் பத்தி மட்டுமே முடிவை முழுதாக விளக்கிவிட்டால், மதத்துக்குக் கட்டுரையில் பெரிய இடம் கொடுக்காதீர்கள்.

பிறகு எதிர்ச்சான்று தேடுங்கள். மனித உரிமை பேசிய அதே கார்ட்டர், 1977 டிசம்பர் 31 அன்று டெஹ்ரானில், அடக்குமுறை ஆட்சி நடத்திய ஈரான் மன்னர் ஷாவைப் புகழ்ந்து பேசினார். இதை மறைத்தால் தேர்வாளர் முதல் கேள்வியாகவே கேட்பார்.

காலவரிசையையும் பாருங்கள். இன்னொரு அமெரிக்க அதிபரான ஐசனோவர் ஞானஸ்நானம் பெற்றது பதவியேற்ற பிறகு, 1953 பிப்ரவரியில். பதவிக்கு முன்பே வேரூன்றிய பழக்கத்துக்குத்தான் கூடுதல் எடை கொடுக்க வேண்டும்.

ஒரே மதம் ஒரே முடிவைத் தரும் என்றும் எழுதாதீர்கள். அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் மெதடிஸ்ட் (இன்னொரு புராட்டஸ்டன்ட் பிரிவு), 2003 ஈராக் போரை அவருடைய திருச்சபைத் தலைவர்கள் பலரே எதிர்த்தார்கள். மேற்கோள்களுக்கு அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிட்ட ஆவணத் தொகுதிகளும், கார்ட்டர் நூலகத்தின் தினசரி நாட்குறிப்பும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிற்காலத்தில் எழுதிய நினைவுக்குறிப்புகளைக் கடைசியில் படியுங்கள்.