குக்கர் கேக் நடுவில் அமுங்குகிறதா?

ஓவன் இல்லாமல் குக்கரிலேயே கேக் செய்யலாம். முதலில் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிடுங்கள். இதை மறந்தால் ஆவி உள்ளேயே அடைந்து கேக் இட்லி மாதிரி வெந்துவிடும். தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடாது. அடியில் ஒரு கப் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வைத்து, மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடேற்றுங்கள்.

ஒரு கப் புளிக்காத தயிரில் முக்கால் கப் சர்க்கரையைக் கரைத்து, ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் அரை டீஸ்பூன் சமையல் சோடாவும் சேர்த்து 5 நிமிடம் விட்டால் நுரைத்துப் பொங்கும். பொங்கவில்லையா, பவுடர் பழசு, வேறு வாங்குங்கள். பிறகு அரை கப் எண்ணெய், கொஞ்சம் வெனிலா எசன்ஸ், சலித்த மைதா ஒன்றரை கப். மைதா போட்டபின் அடித்துக் கலக்கக் கூடாது, கேக் ரப்பராகிவிடும். மாவு கரண்டியிலிருந்து ரிப்பன் போல மடிந்து விழுந்தால் போதும்.

எண்ணெய் தடவி மைதா தூவிய 7 அங்குலப் பாத்திரத்தில் பாதிக்குச் சற்று மேல்வரை ஊற்றி, உடனே குக்கருக்குள் வையுங்கள். சிறு தீயில் 40 முதல் 45 நிமிடம். முதல் அரைமணி நேரம் மூடியைத் திறக்கவே கூடாது. நடுப்பகுதி அமுங்குவது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான். குச்சியால் குத்தினால் ஈரமாவு ஒட்டக் கூடாது.

முழுக்க ஆறிய பிறகே கவிழ்க்கவும். அந்த உப்பு சமையலுக்கு ஆகாது, டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த கேக்குக்கு ஆகும்.