ஐபி முகவரி கிடைக்காத லினக்ஸ் கணினி: டிஎச்சிபி கிளையண்டைச் சோதிக்கும் முறை

லினக்ஸ் கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், கணினிகளுக்கு ஐபி முகவரியைத் தானாக வழங்கும் டிஎச்சிபி (DHCP) சர்வரிடமிருந்து பதில் வராததால் கணினி தானாகவே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிளையும் வைஃபை இணைப்பையும் சரிபார்த்த பிறகு, ஒரே நெட்வொர்க் கார்டுக்கு லினக்ஸின் இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜரும், தனியாக நிறுவிய வேறொரு டிஎச்சிபி கிளையண்டும் (சர்வரிடம் முகவரி கேட்டுப் பெறும் நிரல்) ஒரே நேரத்தில் இயங்குகின்றனவா என்று பாருங்கள். இருந்தால் ஒன்றை நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, ரூட் உரிமையுடன் நெட்வொர்க்கில் செல்லும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் (tcpdump) கருவியை இயக்கி, டிஎச்சிபி பயன்படுத்தும் 67, 68 ஆகிய யுடிபி போர்ட்டுகளைக் கவனியுங்கள். அமைப்புக் கோப்புகளை ஊகத்தின் பேரில் மாற்றுவதைவிட இது பல மடங்கு பயன் தரும். கணினியிலிருந்து சர்வரைத் தேடும் டிஸ்கவர் செய்தி புறப்பட்டும், சர்வர் முகவரி தர முன்வரும் ஆஃபர் செய்தி வரவில்லையெனில், கோளாறு பெரும்பாலும் சர்வரிலோ, ஸ்விட்ச்சிலோ, ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பிரிவுகளாகப் பிரிக்கும், தவறாக அமைக்கப்பட்ட விலேனிலோதான் (VLAN) இருக்கும். ஆஃபர் வந்தும் முகவரி பதியவில்லையெனில் கிளையண்டின் லாகைப் படியுங்கள்; முன்பு பெற்ற முகவரியின் விவரம் உள்ள பழைய லீஸ் கோப்பை வேறு பெயருக்கு மாற்றிவிட்டுக் கிளையண்டை மறுபடி தொடங்கிப் பார்க்கலாம்.

முகவரி முதலில் கிடைத்து, லீஸ் காலத்தின் (அந்த முகவரி செல்லுபடியாகும் காலத்தின்) பாதியில் அனுப்பப்படும் புதுப்பிப்புக் கோரிக்கைகளுக்கு மட்டும் பதில் வராவிட்டால், ஃபயர்வாலைச் சந்தேகியுங்கள். முதல் கோரிக்கையைப் பல கிளையண்டுகள் கணினியின் வழக்கமான நெட்வொர்க் அடுக்கைத் தவிர்க்கும் ரா சாக்கெட் வழியாக அனுப்புவதால் ஃபயர்வால் விதிகள் அதைத் தொடுவதில்லை. புதுப்பிப்போ சர்வருக்கு நேரடியாக, சாதாரண யுடிபி பாக்கெட்டாகச் செல்கிறது.

ஐஎஸ்சி நிறுவனத்தின் பழைய டிஎச்சிபி கிளையண்டான டிஎச்கிளையண்டின் (dhclient) பராமரிப்பு 2022இலேயே முடிந்துவிட்டதால், அதைப் பயன்படுத்துவோர் டிஎச்சிபிசிடி (dhcpcd) என்ற கிளையண்டுக்கு மாறுவது நல்லது.