மில் லாக்ஸ் ஒஜிப்வே வரலாறு: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மில் லாக்ஸ் ஏரிப் பகுதியில் வாழும் ஒஜிப்வே பூர்வகுடிக் குழுவைப் பற்றி எழுதுபவர்கள் பலர் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ‘அமெரிக்க அரசுடன் செய்த 1837 ஒப்பந்தத்தில் நிலத்தைக் கொடுத்தார்கள், அரசு மீன்பிடிக்கச் சலுகை தந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். நடந்தது அப்படியல்ல. வெள்ளையர்களின் கண் அங்கிருந்த பைன் மரங்கள் மீது. ஒஜிப்வே தலைவர்களோ வேட்டை, மீன்பிடிப்பு, காட்டரிசி சேகரிப்பு மூன்றையும் விட்டுத்தரவில்லை. ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவிலேயே அது இருக்கிறது. ஆகவே அதைச் சலுகை என்று சொல்வது வரலாற்றையே தலைகீழாக்குவது.

காட்டரிசியை ஏதோ துணை உணவுபோல ஒரு வரியில் கடந்துவிடவும் வேண்டாம். ஆழமற்ற ஏரிகளில் தானே விளையும் புல்லின் மணி அது. அறுவடைக்குப் படகில் இருவர் போவார்கள். ஒருவர் கழியால் உந்த, மற்றவர் இரண்டு குச்சிகளில் ஒன்றால் கதிரை வளைத்து, மற்றதால் மெல்லத் தட்டுவார். முற்றியவை படகில் விழும். நீரில் சிதறியவை அடுத்த ஆண்டு முளைக்கும். நிலம் கைமாறினாலும் இந்த ஏரிகளுக்குப் போகும் உரிமை வேண்டுமென்று அவர்கள் ஏன் உறுதியாக நின்றார்கள் என்பது இங்கேதான் புரியும்.

அப்புறம் 1850. அந்த ஆண்டு மினசோட்டாவின் சாண்டி ஏரியில் நேர்ந்த சாவுகளை ‘கடுங்குளிர், நோய்’ என்று மட்டும் எழுதுவது பெரிய அநீதி. விஸ்கான்சின் பக்கத்து ஒஜிப்வேக்களை மேற்கே பெயர்க்க, அவர்கள் பக்கத்து ஊரான லா பாயின்ட்டில், நிலத்துக்கு ஈடாக ஆண்டுதோறும் வழங்கிவந்த தொகையைச் சாண்டி ஏரிக்கு மாற்றியது அரசு. வந்தவர்களுக்குப் பணமும் உணவும் காலத்தில் வரவில்லை, கிடைத்த உணவும் கெட்டிருந்தது. அங்கேயும் திரும்பும் வழியிலும் ஏறத்தாழ 400 பேர் இறந்தார்கள். காரணம் அதிகாரிகளின் முடிவு. அதை எழுத வேண்டும்.

இன்னொரு குழப்பம், எல்லா ஒஜிப்வேக்களையும் ஒரே ஆட்சியின் கீழ் வைப்பது. மில் லாக்ஸ், ரெட் லேக், லீச் லேக் எல்லாம் தனித்தனி அரசாங்கம் உள்ளவை. மில் லாக்ஸுக்கான காப்பு நிலம், அதாவது அவர்கள் வாழ்வதற்கென ஒதுக்கப்பட்ட நிலம், 1855 ஒப்பந்தத்தில் வந்தது. டகோட்டா பூர்வகுடியினருக்கும் வெள்ளையர்களுக்கும் இடையே 1862இல் நடந்த போரில் மில் லாக்ஸ் குழுவினர் வெள்ளையர் பக்கம் நின்றதால், நன்னடத்தை தொடரும்வரை அவர்களை அங்கிருந்து அகற்றுவதில்லை என்று 1863, 1864 ஒப்பந்தங்கள் சொல்லின. அதற்குப் பிறகும் மரவணிகர்களும் குடியேறிகளும் அந்த நிலத்தைக் கைப்பற்றிக்கொண்டே வந்தார்கள்.

கதையை 19ஆம் நூற்றாண்டோடு முடித்துவிடவும் கூடாது. ஒஜிப்வேக்களை வெளியேறச் சொன்ன 1850 ஜனாதிபதி ஆணையும் 1858இல் மினசோட்டா மாநிலமானதும் பழைய உரிமையை ஒழித்துவிட்டன என்று பின்னாளில் மினசோட்டா மாநில அரசு நீதிமன்றத்தில் வாதாடியது. 1999 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் அதை மறுத்தது. 1837இல் தலைவர்கள் காத்துக்கொண்ட உரிமை இன்றும் சட்டப்படி செல்லும்.