கோல்ஃப் ஆடுறவங்களோட மன அழுத்தத்தை அளப்பது எப்படி? நான் விழுந்த குழியையும் சேர்த்துச் சொல்றேன்

"டென்ஷன் தீரத்தானேம்மா கோல்ஃபே ஆடப் போறோம், எங்ககிட்ட என்னத்த அளக்கப் போறே?" என்றார் பெரியப்பா. சனி, ஞாயிறு வந்தால் மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு வண்டியேறிவிடும் கூட்டம் அவருடையது. என் எம்.எஸ்ஸி. உளவியல் புராஜெக்டுக்கு அவர்கள்தான் மாட்டினார்கள். ஒப்புதல் படிவமெல்லாம் உங்கள் கைடு சொல்லித் தருவார்; நேரே வேலைக்கு வருகிறேன்.

1. கேள்வித்தாள்

உளவியலாளர் ஷெல்டன் கோஹனும் கூட்டாளிகளும் 1983-இல் வெளியிட்ட பி.எஸ்.எஸ். (Perceived Stress Scale, ஒருவர் தானே உணரும் மன அழுத்தத்தை அளப்பது) அளவுகோலே போதும். அதில் பத்துக் கேள்விப் பதிப்பை எடுங்கள். கடந்த ஒரு மாதம் எப்படிப் போனது என்று கேட்கும். 'ஒருபோதும் இல்லை' என்றால் 0, 'மிக அடிக்கடி' என்றால் 4. அதிகபட்சம் 40.

ஆளுக்கொரு மூலையில் உட்காரவைத்து நிரப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் சிநேகிதர் எட்டிப் பார்த்தால் எல்லாருக்கும் கவலையே இல்லாமல் போய்விடும்!

2. ஆட்டத்தன்று

பி.எஸ்.எஸ். கேட்பது ஒரு மாதக் கதை. நாலடி தூரத்துப் பட் (பந்தைக் குழிக்குள் மெல்ல உருட்டும் அடி) அடிக்கக் கை நடுங்குவது அதில் சிக்காது. அதனால் முதல் டீயிலும் (ஆட்டம் தொடங்கும் இடம்), 9-ஆவது குழி முடிந்ததும், 18 முடிந்ததும் ஒரே கேள்வி: "இப்போ எவ்வளவு பதற்றம்? 0-லேருந்து 10-க்குள்ள சொல்லுங்க." இதை பி.எஸ்.எஸ். மதிப்பெண்ணோடு கூட்டிவிடாதீர்கள்.

ஸ்மார்ட் வாட்ச் எனக்குப் பிடிக்காது. கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அந்த மேட்டில் நடந்தால் யாருக்கும் நாடி எகிறும். எகிறியது மனசாலா காலாலா என்று வாட்ச் சொல்லாது.

3. கூட்டல்

இங்கேதான் விழுந்தேன். எல்லாரும் இருபதை ஒட்டியே நின்றார்கள். சிரித்துக்கொண்டே திரியும் மாமாவுக்கும், கடன் கவலையில் தூங்காதவருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்.

4, 5, 7, 8 ஆகிய கேள்விகள் 'பிரச்சினையைச் சமாளிக்க முடியும் என்று நம்பினீர்களா' என்கிற ரகம். அவற்றில் 4 போட்டால் நிம்மதி என்று அர்த்தம். நிம்மதியான ஆள் மற்ற ஆறுக்கும் 1, இந்த நாலுக்கும் 3 போட்டால், அப்படியே கூட்ட 6+12=18. நொந்துபோனவர் ஆறுக்கும் 3, நாலுக்கும் 1 போட்டால் 18+4=22. இந்த நாலு கேள்விக்கு மட்டும் விடையை 4-லிருந்து கழித்துவிட்டுக் கூட்டுங்கள். முதல் ஆளுக்கு 10, அடுத்தவருக்கு 30!

"நான் பாஸா ஃபெயிலா?" என்று கேட்பார்கள். இது நோய் கண்டுபிடிக்கும் கருவி இல்லை, பாஸ் மார்க்கும் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான்.

பின்சேர்க்கை: மொத்தம் 43 வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். கூகுள் ஃபார்மில் 1 முதல் 5 என்று வைத்திருக்கிறார். ஒவ்வொரு விடையிலும் 1 கழித்துவிட்டு, அப்புறம் அந்த நாலு கேள்வியை மட்டும் திருப்புங்கள், அதாவது 4-லிருந்து கழியுங்கள். இன்னொருவர் எக்செல்லில் ஒருமுறை, எஸ்.பி.எஸ்.எஸ். என்கிற புள்ளியியல் மென்பொருளில் ஒருமுறை என்று இரண்டு தடவை திருப்பி, பழைய இடத்துக்கே வந்து நின்றார். ஏதாவது ஒரு தாளை உருவிக் கையால் கூட்டிப் பாருங்கள், ஷீட்டிலும் அதே எண் வர வேண்டும்.