வாயிற் பூட்டுக்கு எத்தனை குறியீடுகள் கிடைக்கும்?

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியின் முன்வாயிலுக்கு, சாவிக்குப் பதிலாக நான்கு இலக்கக் குறியீடு கேட்கும் பூட்டொன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். குடியிருப்பாளர் கூட்டத்தில் மூன்று விதிகள் முடிவாயின: குறியீடு 0இல் தொடங்கக் கூடாது, எந்த இலக்கமும் இரண்டு முறை வரக் கூடாது, பின்வாயிற் குறியீட்டோடு குழம்பாதிருக்க, கடைசி இலக்கம் இரட்டையாக இருக்க வேண்டும்.

விதியே இல்லையென்றால் ஒவ்வோர் இடத்துக்கும் பத்துத் தெரிவுகள், பெருக்கினால் 10,000. 1234உம் 4321உம் வேறு வேறு குறியீடுகள் என்பதால், உயர்தர இணைந்த கணிதத்தில் படித்த சேர்மானத்தை, அதாவது வரிசையைப் பொருட்படுத்தாமல் எண்ணும் முறையை, இங்கே எடுக்கக் கூடாது. இது வரிசைமாற்றக் கணக்கு. முதல் விதியால் 9,000 ஆகிறது. இரண்டாவதையும் சேர்த்தால் முதலிடத்துக்கு 9, அடுத்ததற்கு 0 திரும்பக் கிடைப்பதால் மீண்டும் 9, பின்னர் 8, 7 என 4,536 மிஞ்சும்.

மூன்றாம் விதியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இடமிருந்து வலமாக நிரப்பிக்கொண்டு போனால், கடைசி இடத்துக்கு வரும்போது எத்தனை இரட்டை இலக்கங்கள் மீதியிருக்கும் என்பது முன்னர் எவற்றை எடுத்தோம் என்பதைப் பொறுத்து மாறிவிடும். ஆகவே கட்டுப்பாடு கூடிய இடத்தை, அதாவது கடைசி இடத்தை, முதலில் நிரப்ப வேண்டும். அங்கும் 0 தனிப்போக்குடையது. அது கடைசியில் அமர்ந்துவிட்டால் முதலிடத்தின் தடை தானாகவே தீர்ந்துவிடுவதால், கணக்கை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. கடைசி இலக்கம் 0 எனில் மற்ற மூன்று இடங்களுக்கும் 9 × 8 × 7 = 504. அது 2, 4, 6, 8 ஆகியவற்றுள் ஒன்று எனில் கடைசிக்கு 4, முதலிடத்துக்கு 8, நடுவிலுள்ள இரண்டுக்கும் 8, 7, பெருக்கினால் 1,792. இரண்டையும் கூட்டினால் 2,296.

விடையை நம்புவதற்கு முன் அதே முறையை இரண்டு இலக்கங்களில் செய்து பாருங்கள். 9 + 4 × 8 = 41 வரும். 10 முதல் 99 வரை இரட்டை எண்கள் 45. அவற்றில் 22, 44, 66, 88 ஆகிய நான்கையும் கழித்தால் அதே 41.

“குறைந்தது ஒரு 7 வேண்டும்” என்பது போன்ற விதி வந்தால், நேரடியாக எண்ணாமல் 7 இல்லாதவற்றைக் கழிப்பதே சுருக்கம். முதல் விதி மட்டும் இருக்கும்போது 9,000 − 8 × 9 × 9 × 9 = 3,168.

இரண்டாம் விதியில் எனக்கு உடன்பாடில்லை. நாட்பட நான்கு பொத்தான்கள் மட்டும் தேய்ந்து பளபளத்தால், பார்ப்பவருக்கு எஞ்சுவது 4 × 3 × 2 × 1 = 24 வரிசைகளே. ஓர் இலக்கம் இரட்டித்து மூன்று பொத்தான்கள் தேய்ந்திருந்தாலோ, இரட்டிப்பது எதுவென்று 3 தெரிவுகள், ஒவ்வொன்றுக்கும் 12 வரிசைகள், ஆக 36. இந்த ஒப்பீட்டில் மற்ற இரு விதிகளையும் ஒதுக்கிவைத்திருக்கிறேன். இரண்டாம் விதியை நீக்கினால் முன்வாயிலுக்கு 9 × 10 × 10 × 5 = 4,500 குறியீடுகள் கிடைக்கும்; அடுத்த கூட்டத்தில் அதைத்தான் கேட்கப்போகிறேன்.