கேமிங் கணினிக்கு மதர்போர்டும் மற்ற பாகங்களும்: தேர்ந்தெடுக்கும் முறை

வீட்டிலேயே கேமிங் கணினியைக் கட்ட முனைபவர்கள் பலர், எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டிலிருந்தே தொடங்குகிறார்கள்; அதன் வண்ண விளக்குகளும் தடித்த உலோகக் கவசங்களும் அப்படி ஈர்க்கின்றன. ஆனால் மதர்போர்டு விளையாட்டின் வேகத்தைத் தானாகக் கூட்டித் தருவதில்லை. ஒரே புராசஸரையும் ஒரே கிராபிக்ஸ் கார்டையும் நடுத்தரமான போர்டிலும், அதைப் போல மும்மடங்கு விலையுள்ள போர்டிலும் பொருத்தி ஓட்டினால், திரையில் வேறுபாடு காண்பது அரிது. பொருந்தாத போர்டோ வேகத்தைக் குறைக்கும், சேமிப்பகத்தை முடக்கும், நாளைய மேம்படுத்தலுக்கு வழியை அடைக்கும். ஆகவே, வாங்கவிருக்கும் பாகங்கள் எதற்கும் தடையாக நிற்காத போர்டைத் தேடி, மிச்சப்படும் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டுக்குத் திருப்பிவிடுவதே சரியான கணக்கு.

முதலில் மானிட்டரை முடிவு செய்யுங்கள். 1080பி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்களும், 1440பி திரையில் 36.9 லட்சமும், 4கே திரையில் 82.9 லட்சமும் உள்ளன. பிக்சல்கள் கூடக்கூடச் சுமை கிராபிக்ஸ் கார்டின் மேல் ஏறுகிறது. 1080பி திரையில் வினாடிக்கு 240 பிரேம்களை எதிர்பார்க்கும் போட்டி விளையாட்டுகளிலோ புராசஸரே முதலில் மூச்சு வாங்குகிறது. மானிட்டருக்கு ஏற்ற கிராபிக்ஸ் கார்டு, அதற்கு ஈடுகொடுக்கும் புராசஸர், அவற்றைத் தாங்கும் போர்டு என்ற வரிசையில் இறங்கி வந்தால் குழப்பம் பாதியாகக் குறையும்.

புராசஸர் முடிவானதும், அது போர்டில் அமரும் இடமான சாக்கெட் தானாகவே முடிவாகிவிடும். இன்றைய ஏஎம்டி ரைசன் புராசஸர்கள் 2022இல் அறிமுகமான ஏஎம்5 சாக்கெட்டில் அமர்கின்றன. அதில் டிடிஆர்5 தலைமுறை ரேம் மட்டுமே பொருந்தும். இன்டெலின் 12ஆம் தலைமுறை முதல் 14ஆம் தலைமுறை வரையிலான புராசஸர்களுக்கு எல்ஜிஏ 1700 சாக்கெட். இதில் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் தனித்தனிப் போர்டுகள் உண்டு என்பதால், கையில் இருக்கும் ரேமைப் பார்த்துவிட்டே வாங்க வேண்டும். 2024இல் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கு எல்ஜிஏ 1851. ஒரு சாக்கெட் எத்தனை ஆண்டுகள் புதிய புராசஸர்களை ஏற்கும் என்பதற்கு நான் நிறைய மதிப்புக் கொடுப்பேன். 2017இல் விற்ற ஏஎம்4 போர்டுகள் பலவற்றில், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை மட்டும் புதுப்பித்து, 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியைப் பொருத்த முடிந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, போர்டையும் ரேமையும் மாற்றாமல் புராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளும் இந்த வசதி, எந்த வண்ண விளக்கையும்விடப் பெறுமதியானது.

போர்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் துணைச் சில்லான சிப்செட்டைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. புராசஸரை ஓவர்கிளாக் செய்ய, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட வேண்டுமானால் இன்டெலில் இசட் வரிசைப் போர்டும் பெயரில் கே எழுத்துள்ள புராசஸரும் தேவை. ஏஎம்டியில் பி650, பி850 போர்டுகளிலேயே அது முடியும், மலிவான ஏ620இல் முடியாது. ஓவர்கிளாக்கில் நாட்டமில்லாதவருக்கு இரு பக்கத்திலும் பி வரிசை, அதாவது பி650, பி850, பி760 போன்றவை, தாராளமாகப் போதும்.

விளம்பரங்கள் மிகைப்படுத்தும் பகுதியும், வாங்குபவர் கவனிக்க மறக்கும் பகுதியும் ஒன்றே: சாக்கெட்டைச் சுற்றி அமைந்திருக்கும் மின்னழுத்தச் சீராக்கி, அதாவது விஆர்எம். பவர் சப்ளையிலிருந்து வருவது 12 வோல்ட். புராசஸருக்கு வேண்டியதோ ஏறக்குறைய 1.2 வோல்ட். 120 வாட் எடுக்கும் புராசஸருக்கு அந்த அழுத்தத்தில் 100 ஆம்பியர் மின்னோட்டம் பாய வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தால், அந்தச் சின்னஞ்சிறு பாகங்கள் சுமக்கும் பாரம் விளங்கும். அவை அளவுக்கு மீறிச் சூடேறினால் போர்டு புராசஸரின் வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். விளையாடுபவருக்கு அது காரணம் தெரியாத தடுமாற்றமாகத் தோன்றும். பெட்டியின் மேல் 14+2+1 என்று அச்சிட்டிருக்கும் விஆர்எம் நிலைகளின் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு நிலையும் எத்தனை ஆம்பியர் தாங்கும், அதன் மேல் வெப்பத்தை வெளியேற்றும் உண்மையான ஹீட்சிங்க் இருக்கிறதா என்பவையே முக்கியம். ரைசன் 7 7800எக்ஸ்3டி போன்ற, விளையாட்டின்போது குறைந்த மின்சாரமே எடுக்கும் புராசஸருக்கு எளிய போர்டும் போதும். 253 வாட் வரை ஏறும் கோர் ஐ9 14900கே போன்றதை மிக மலிவான போர்டில் பொருத்துவது வீண்.

அடுத்தது பிசிஐஇ பாதைகள், அதாவது கிராபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும் புராசஸரோடு தரவு பரிமாறும் வழிகள். இந்த இடத்தில் கடைப் பக்கத்தின் விவரக் குறிப்பு உதவாது. போர்டின் கையேட்டைத்தான் படிக்க வேண்டும். தயாரிப்பாளரின் தளத்தில் வாங்குவதற்கு முன்பே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ரைசன் 7000 டெஸ்க்டாப் புராசஸர்களில் பயன்படுத்தத்தக்க பாதைகள் 24. அவற்றில் 16 கிராபிக்ஸ் கார்டுக்கும், பொதுவாக எஞ்சிய எட்டு, போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டிகளுக்கும் செல்கின்றன. மற்றவை எல்லாம் சிப்செட் வழியாக வருவதால், எங்கோ ஓரிடத்தில் பங்கீடு நடந்தே தீரும். நான் முதலில் கட்டிய கணினியில் இரண்டாவது எம்.2 எஸ்எஸ்டியைப் பொருத்தியதும் பழைய ஹார்டு டிஸ்க் மறைந்துவிட்டது. கேபிளை மாற்றி மாற்றி இரண்டு மாலைகளைக் கழித்த பிறகே, அந்த எம்.2 இடம் நிரம்பினால் ஹார்டு டிஸ்க் கேபிளைச் செருகும் சாட்டா போர்ட்டுகள் இரண்டு அணைந்துவிடும் என்ற அடிக்குறிப்பு கையேட்டில் கண்ணில் பட்டது. சில போர்டுகளில் இவ்வாறே ஓர் எம்.2 இடத்தை நிரப்பினால் கிராபிக்ஸ் கார்டின் 16 பாதைகள் எட்டாகக் குறையும். வேகமான புதிய கார்டுகளுக்கு இதனால் பெரிய இழப்பு இல்லை. மாறாக, நான்கே பாதைகள் கொண்ட ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்டைப் பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள பழைய போர்டில் பொருத்தினால் வேகம் வெளிப்படையாகவே விழும்.

ரேமை எப்போதும் இரண்டு குச்சிகளாக, ஒரே பெட்டியில் வரும் ஜோடியாக வாங்க வேண்டும். இன்று 32 ஜிபி நிம்மதியான அளவு. எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது: முதல் எண் வேகம், சிஎல் என்பது தாமதச் சுற்றுகளின் எண்ணிக்கை. டிடிஆர்5 6000, சிஎல்30 என்றால் தாமதம் 10 நானோ வினாடி, டிடிஆர்4 3200, சிஎல்16 என்றாலும் அதே 10 நானோ வினாடிதான். ஏஎம்5இல் 6000, சிஎல்30 என்பது விலைக்கும் வேகத்துக்கும் இடையே நல்ல இணக்கம். நான்கு இடங்களும் இருக்கின்றனவே என்று நான்கு குச்சிகளைச் செருகத் தோன்றும். ரைசன் 7000க்கு ஏஎம்டி உறுதி கூறும் வேகம் இரண்டு குச்சிகளுக்கு 5200, நான்குக்கு வெறும் 3600 என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு குச்சிகளைப் பெரும்பாலான போர்டுகளில் புராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது இடங்களில் பொருத்த வேண்டும்.

அளவு பற்றிச் சுருக்கமாக: ஏடிஎக்ஸ் போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் அதிகபட்சம் 244க்கு 244, மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. ஒரே ஒரு கிராபிக்ஸ் கார்டுடன் நிறுத்திக்கொள்பவருக்கு மைக்ரோ ஏடிஎக்ஸில் குறை எதுவும் இல்லை. கேபினெட்டின் விவரக் குறிப்பில் கார்டின் நீளத்துக்கும் கூலரின் உயரத்துக்கும் உள்ள வரம்பைச் சரிபாருங்கள்.

பவர் சப்ளையில் மட்டும் சிக்கனம் கூடாது. 200 வாட் கிராபிக்ஸ் கார்டும் 120 வாட் புராசஸரும் உள்ள கணினிக்கு 650 வாட் தரமான அலகு போதுமானது. கூட்டுத்தொகைக்கு மேல் இவ்வளவு இடம் விடுவதற்குக் காரணம், கார்டுகள் கணநேரம் தம் வரம்பை மீறிப் பாய்வதே, ஏடிஎக்ஸ் 3.0 தரநிலை, தன் அளவைப் போல இரு மடங்கு பாய்ச்சலை 100 மைக்ரோ வினாடி தாங்க வேண்டும் என்று பவர் சப்ளையிடம் கோருகிறது. 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. உள்ளே இருக்கும் பாகங்களின் தரத்தை அது சொல்வதில்லை. பழைய பவர் சப்ளையின் கழற்றக்கூடிய கேபிள்களைப் புதியதில் செருகவே கூடாது. பின்களின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம், சில வேளை மாடலுக்கு மாடல் மாறும். ஒரு தவறான கேபிள் எஸ்எஸ்டியைக் கருக்கிவிடும். புராசஸருக்கான எட்டு பின் கேபிளும் கிராபிக்ஸ் கார்டுக்கான எட்டு பின் கேபிளும் பார்வைக்கு ஒத்திருந்தாலும் வெவ்வேறானவை. முனையில் உள்ள எழுத்தைப் படித்துச் செருகுங்கள்.

போர்டைவிடப் புராசஸர் புதியதாக இருந்தால், புராசஸர் இல்லாமலேயே யூஎஸ்பி வழியாகப் பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் பின்பக்கத்தில் உள்ள போர்டையே தேர்ந்தெடுங்கள். இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை உயர்நிலைப் புராசஸர்களை வாங்குபவர்கள் முதல் வேலையாகப் பயாஸைப் புதுப்பிப்பது கட்டாயம். அவற்றை நிலைகுலையச் செய்த மின்னழுத்தக் கோளாறுக்கான திருத்தங்கள் 2024 ஆகஸ்ட் முதல் பயாஸ் வழியாகவே வந்தன.

எல்லாவற்றையும் பொருத்தி முதன்முறை மின்சாரம் கொடுத்ததும் ஏஎம்5 போர்டுகள் சில நிமிடங்கள் கறுப்புத் திரையுடன் ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கும், பதறி அணைத்துவிடாதீர்கள். திரை வந்த பிறகு, ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி அமைப்பைப் பயாஸில் இயக்குங்கள். அதைச் செய்யாவிட்டால் 6000 என்று வாங்கிய ரேம் பெரும்பாலும் 4800இலேயே ஓடிக்கொண்டிருக்கும். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டு, விண்டோஸின் திரை அமைப்பில் புதுப்பிப்பு வேகத்தை 60 ஹெர்ட்ஸிலிருந்து மானிட்டரின் முழு அளவுக்கு உயர்த்துங்கள்.