மலை கிராமத்துக்கு அடிபம்பு, சோலார் போடப் போறீங்களா? இந்த தவறுகளை பண்ணாதீங்க

திறப்பு விழா அன்னைக்கு எல்லா பம்புலயும் தண்ணி கொட்டும். ரெண்டாவது வருஷம் உள்ள தண்ணி கசியாம பிடிக்கிற வாசர் தேஞ்சு போற அன்னைக்கு ஊர்ல யார்கிட்ட ஸ்பேனர் இருக்கு, யாருக்கு அதை கழட்ட தெரியும், வாசர் வாங்க பக்கத்து டவுனுக்கு எத்தனை பஸ் மாறணும், இதெல்லாம் பம்பு வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டுடணும். நான் பார்த்த வரைக்கும் முக்கால்வாசி தப்பு இதை கேட்காததுலதான் ஆரம்பிக்குது.

முதல் தப்பு, போட்டோவுக்கு அழகா இருக்குன்னு ஒரு சாதனத்தை தேர்ந்தெடுக்கிறது. ஆப்பிரிக்காவுல பிளேபம்ப்னு ஒண்ணு வந்துச்சு, குழந்தைங்க ராட்டினம் சுத்தி விளையாடினா அந்த சுத்துலயே போர் தண்ணி மேல இருக்கிற டேங்குக்கு ஏறிடும்னு சொன்னாங்க, கேட்கவே நல்லா இருந்துச்சு, 2006ல அமெரிக்காவுல 1.64 கோடி டாலர் அறிவிச்சு, 2010க்குள்ள 4000 பம்பு போடுறோம்னு கிளம்பினாங்க. ஒரு பம்பு கிட்டத்தட்ட 14,000 டாலர், அந்த காசுக்கு சாதாரண அடிபம்பு நாலு போடலாம். சொன்ன அளவு தண்ணி வரணும்னா குழந்தைங்க ஒரு நாளைக்கு 27 மணி நேரம் சுத்தணும்னு ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை கணக்கு போட்டு காட்டுச்சு. குழந்தைங்க ஸ்கூலுக்கு போன நேரத்துல வயசான பொம்பளைங்க குனிஞ்சு அந்த ராட்டினத்தை தள்ளிக்கிட்டு இருந்தாங்க. சில ஊர்ல நல்லா ஓடிக்கிட்டிருந்த அடிபம்பை பிடுங்கிட்டு அந்த இடத்துல இதை வச்சாங்க, அதுதான் எனக்கு ரொம்ப வலிக்குது.

நம்ம ஊர் இந்தியா மார்க் 2 பம்பையே எடுத்துக்கோங்க. அதுக்கு முன்னாடி இருந்த வார்ப்பிரும்பு பம்பெல்லாம் ஒரு வீட்டுக்குன்னு செஞ்சது, மொத்த ஊரும் காலைலேர்ந்து ராத்திரி வரை அடிச்சா எப்படி தாங்கும். அதனால 1970கள்ல யூனிசெஃப் உதவியோட மார்க் 2 வந்துச்சு, சென்னையிலயே தயாரிச்சாங்க, இன்னைக்கு உலகத்துல எத்தனையோ நாட்டுல இருக்கு. ரொம்ப உறுதியான பம்பு, ஆனா ஒரு கஷ்டம், அடியில இருக்கிற வாசரை மாத்தணும்னா மொத்த பைப்பையும் மேல தூக்கணும், அதுக்கு நாலு ஆளும் தனி டூல்ஸும் வண்டியும் வேணும். வண்டியே ஏறாத மலைல என்ன பண்ணுவீங்க? அதுக்காகத்தான் கோயம்புத்தூர் பக்கம் 1980கள்ல வருஷக்கணக்கா டெஸ்ட் பண்ணி மார்க் 3 கொண்டு வந்தாங்க, அதுல பைப் அகலமா இருக்கும், பைப்பை தொடாம உள்ள இருக்கிற ராடை மட்டும் இழுத்தா வாசர் மாட்டின பிஸ்டன் கையோட வந்துடும், ஊர்க்காரங்களே வாசர் மாத்திக்கலாம். அந்த அகல பைப் வெயிட்டு ஜாஸ்தி, விலையும் ஜாஸ்தி, ரொம்ப ஆழமான போருக்கு சரிப்படாது. அதனால தண்ணி எத்தனை அடியில நிக்குதுன்னு பார்க்காம பம்பு ஆர்டர் பண்ணாதீங்க.

அடுத்தது, தண்ணியை டெஸ்ட் பண்ணாம ஊருக்கு கொடுக்கிறது. இதுல தயவுசெஞ்சு அலட்சியமா இருக்காதீங்க. வங்கதேசத்துல குளத்து தண்ணி குடிச்சு பேதியில குழந்தைங்க சாகுதுன்னு 1970கள்லேர்ந்து லட்சக்கணக்குல குழாய் கிணறு போட்டாங்க, நல்ல எண்ணத்துலதான் போட்டாங்க, ஆனா அந்த தண்ணியில ஆர்சனிக்ங்கிற விஷம் இருக்குன்னு 1993லதான் அங்க கண்டுபிடிச்சாங்க. அதுக்கு நிறமும் இல்ல, ருசியும் இல்ல, வாசனையும் இல்ல. அதுக்கப்புறம் ஒவ்வொரு கிணறா டெஸ்ட் பண்ணி, லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல இருந்தா சிவப்பு பெயிண்ட், கம்மியா இருந்தா பச்சை பெயிண்ட்னு அடிச்சுட்டு போனாங்க. ஒரு வீட்டு கிணறு சிவப்பு, பக்கத்து வீடு பச்சைன்னு கூட வரும், அதனால பக்கத்து போர் ரிப்போர்ட்டை வச்சு முடிவு பண்ணக்கூடாது. கொதிக்க வச்சா சரியாகிடும்னும் சொல்லாதீங்க, கிருமிதான் சாகும், ஆர்சனிக்கும் ஃப்ளோரைடும் அப்படியே இருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல்லு கறை பிடிச்ச பிள்ளைங்களை பார்த்தவங்களுக்கு ஃப்ளோரைடு பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல.

பம்பு மேடையையும் கவனிங்க. சிந்துற தண்ணி அங்கேயே தேங்கினா சேறாகி அந்த அழுக்கு திரும்ப போருக்குள்ளயே இறங்கும், ஒரு வாய்க்கா வெட்டி நாலு வாழைக்கு விட்டுடுங்க.

சோலாருக்கு வருவோம். பீகார்ல தர்னைன்னு ஒரு ஊர், முப்பது வருஷத்துக்கு மேல கரண்ட் இல்லாம கிடந்துச்சு, 2014ல 100 கிலோவாட் சோலார் மைக்ரோகிரிட், அதாவது அந்த ஊருக்கு மட்டும்னு ஒரு சின்ன கரண்ட் அமைப்பு, போட்டு கொடுத்தாங்க. லைட், ஃபேன் ஓடுச்சு, ஆனா ஃப்ரிட்ஜ் மாதிரி அதிகம் இழுக்கிறதெல்லாம் போடக்கூடாதுன்னு சொன்னதும் ஜனங்க எங்களுக்கு அசல் கரண்ட் வேணும்னு கேட்டாங்க, அதுல ஒரு தப்பும் இல்ல. கொஞ்ச நாள்ல அரசு கரண்ட் வந்துச்சு, அப்புறம் பேட்டரியும் போயிடுச்சு, சோலார் ஸ்டேஷன்ல மாடு கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. என்னென்ன ஓட்டணும்னு வீடு வீடா கேட்டு லோடு கணக்கு போடாம பேனல் வாங்கினா இப்படித்தான் முடியும். பேனல் இருபது வருஷத்துக்கு மேல வரும், லெட் ஆசிட் பேட்டரி சில வருஷம்தான், அதோட சார்ஜையும் தினமும் பாதிக்கு கீழ இறக்கினா, இல்ல டிஸ்டில்டு வாட்டருக்கு பதிலா குழாய் தண்ணி ஊத்தினா இன்னும் சீக்கிரம் போயிடும். புது பேட்டரிக்கு மாசாமாசம் சேர்க்கிற காசை முதல் மாசத்துலேர்ந்தே சேர்க்கணும்.

கடைசியா, கமிட்டியில ஆம்பளைங்களை மட்டும் உட்கார வைக்கிறது. தினமும் பம்பு அடிக்கிறது பொம்பளைங்க, சத்தம் மாறினா முதல்ல அவங்களுக்குத்தான் தெரியும். ராஜஸ்தான்ல திலோனியாவுல எழுத படிக்க தெரியாத பாட்டிங்களுக்கே சோலார் விளக்கு சர்க்யூட்டை சால்டர் பண்ண சொல்லிக் கொடுக்கிறாங்க, அவங்க ஊருக்கு திரும்பி போய் அவங்களே ரிப்பேர் பண்றாங்க. உங்க ஊர்லயும் ரெண்டு அக்காவுக்கு பம்பை கழட்டி மாட்ட கத்துக்கொடுங்க, பம்புக்கு பக்கத்து வீட்டுல ஒரு தகர டப்பாவுல ஸ்பேனர், நாலு வாசர், கொஞ்சம் கிரீஸ் போட்டு வச்சுடுங்க.